யார் வீட்டுச் சோறு?

கோல்கொண்டாக் கோட்டையின் திட்டிவாசலைத் திறந்துவிட்டவன் பெயர் அப்துல்லா பன்னி. ஆப்கானியன். முதலில் பீஜப்பூரிடம் வேலை பார்த்தான், அப்புறம் மொகலாயரிடம், கடைசியாகக் கோல்கொண்டா சுல்தானிடம். 1687 செப்டம்பர் 21, பின்னிரவு நேரத்தில், பணம் வாங்கிக்கொண்டு தாழ்ப்பாளை நீக்கினான். எட்டு மாதம் பீரங்கியும் சுரங்கவெடியும் செய்ய முடியாத வேலையை ஒரு சின்னக் கதவு செய்து முடித்தது.

அதே இரவில் இன்னொருவர். அப்துர் ரசாக் லாரி என்ற தளபதி. எதிரி உள்ளே வந்துவிட்டான் என்று காதில் விழுந்ததும் சேணம் பூட்டக்கூட நிற்காமல் குதிரையேறி, கைக்குக் கிடைத்த பத்துப் பன்னிரண்டு பேரோடு அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தார். உடம்பில் ஏறக்குறைய எழுபது காயம். அவரை விலைக்கு வாங்க ஔரங்கசீப் முன்பே முயன்றிருந்தார். பெரிய பதவி தருகிறேன் என்று வந்த கடிதத்தைக் கொத்தளத்தின்மேல் நின்று எல்லோரும் பார்க்கக் கிழித்துப் போட்டவர் லாரி.

முதல் ஆள் துரோகி, இரண்டாம் ஆள் மாவீரன். முந்நூறு ஆண்டுக்கு மேலாக இதுதான் தீர்ப்பு. எனக்கு இந்தத் தீர்ப்பில் ஒரு தகராறு உண்டு. காசு வாங்கினவனுக்கு நான் வக்காலத்துப் போட வரவில்லை. ஆனால் அந்தக் கதவு செப்டம்பரில் திறந்ததற்குப் பதில் பிப்ரவரியிலேயே திறந்திருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும் என்று ஒருவரும் கேட்காதது ஏன்?

அந்த எட்டு மாதத்தில் பட்டினி கிடந்தது யார் என்று பாருங்கள். முற்றுகை என்றதும் உள்ளே இருப்பவன் பட்டினி, வெளியே இருப்பவன் சாப்பாடு என்றுதான் நினைப்போம். கோல்கொண்டாவில் நடந்தது வேறு. கோட்டைக்குள் சேமிப்பு இருந்தது. சோறில்லாமல் செத்தவர்கள் வெளியே இருந்த ஹைதராபாத் நகரத்து மக்களும் மொகலாயப் பாசறையின் சிப்பாய்களும் கூலிகளும்தான். முந்திய ஆண்டு மழை பொய்த்திருந்தது. முளைத்த கொஞ்சத்தையும் படைகள் மேய்ந்துவிட்டன. பிறகு ஜூனில் மழை பிடித்தது, மஞ்சீரா ஆறு பெருகித் தானிய வண்டிகளை நிறுத்தியது. பொழுது விடிந்தால் பாசறையில் பிணங்களைக் குவித்து இழுத்துப் போடுவதே வேலையாயிற்று. மழை ஓய்ந்தபோது எலும்புக் குவியல்கள் தூரத்தில் வெள்ளைக் குன்றுகளாகத் தெரிந்தன என்று அக்காலத்து வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். கோட்டை விழுந்த பிறகு உள்ளே எண்ணிப் பார்த்த ரொக்கம் மட்டும் ஏறக்குறைய ஏழு கோடி ரூபாய். ஏழு கோடியும் பெட்டியில் இருக்க, சுவருக்கு வெளியே குடிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரைக் காத்ததற்குத்தான் லாரிக்கு மாவீரர் பட்டம்.

எதற்காக இந்தப் போர்? மதத்துக்காக என்று ஔரங்கசீப் சொன்னார். சுல்தான் அபுல் ஹசன் உல்லாசப் பேர்வழி, மாதண்ணா என்ற பார்ப்பனரிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டார், மராட்டியச் சம்பாஜிக்குப் பணம் அனுப்புகிறார் என்பதெல்லாம் குற்றச்சாட்டு. மாதண்ணாவையும் அவர் சகோதரர் அக்கண்ணாவையும் 1686-லேயே கோல்கொண்டாத் தெருவில் சொந்த அரண்மனைக்காரர்களே வெட்டிப் போட்டாயிற்று. காரணம் செத்த பிறகும் படை வந்தது. பீஜப்பூரும் கோல்கொண்டாவும் இஸ்லாமிய அரசுகள், சக முஸ்லிம்மீது போர் தொடுக்க மார்க்கத்தில் இடமில்லை என்று மொகலாயப் பேரரசின் தலைமைக் காஜியாக இருந்த ஷேக் உல் இஸ்லாம் அனுமதி தர மறுத்தார். பதவியை விட்டுவிட்டு மக்காவுக்குப் போய்விட்டார். பகுத்தறிவு பேசுகிறவன் ஒரு காஜிக்கு வணக்கம் சொல்வது சிலருக்கு உறுத்தலாம். சொல்கிறேன். அந்தப் போரில் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு விலகிப் போனவர் அவர். அப்போது உயிரோடிருந்த மகன்களில் மூத்தவரான முவஸ்ஸம் சுல்தானோடு சமாதானம் பேசப் பார்த்தார். தகப்பனார் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்.

இந்தத் தகப்பனார் எப்படிப்பட்டவர் தெரியுமா? அகழியைத் தூர்க்க மண் மூட்டை தைக்கிறபோது, ஒளு செய்து சுத்தமாகி, முதல் பையைத் தம் கையாலேயே தைத்தவர். சொந்தச் செலவுக்குக் கஜானாவைத் தொடாமல் தொப்பி தைத்துச் சம்பாதித்தார் என்றும் சொல்வார்கள். தம் வாயில் விழும் சோறு யாருடையது என்பதில் அத்தனை கறார். தம் படை யார் சோற்றைத் தின்கிறது என்பதில் அந்தக் கறார் எங்கே போயிற்று? தனி ஒழுக்கத்தைக் காட்டிப் பொதுக் கொடுமையைத் தாண்டிப் போகிற இந்த வித்தை மொகலாயரோடு முடிந்துபோகவில்லை. நம் ஊரிலும் வெங்காயம்கூடச் சேர்க்காத சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே கூலியில் ஒரு மரக்கால் குறைத்து அளந்தவர்கள் உண்டு.

லாரிக்கு வருவோம். குற்றுயிராகக் கிடந்தவருக்கு வைத்தியம் பார்க்க ஔரங்கசீப் இரண்டு பேரை அனுப்பினார், ஒருவர் ஐரோப்பியர், ஒருவர் இந்து. பகைவனுக்கு இத்தனை பரிவு ஏன் என்று வியந்து எழுதியிருக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. லாரியைப் போன்ற வேலைக்காரன் கிடைப்பது எந்த எசமானுக்கும் லாபம். விசுவாசம் ராஜாக்களுக்குள் பொதுச் சொத்து. இன்றைக்கு உன்னிடம் இருப்பவன் நாளைக்கு என்னிடம் வரலாம், ஆகவே அந்தக் குணம் மதிப்புக் குறையாமல் இருக்கவேண்டும். அபுல் ஹசனின் உப்பைத் தின்றவன் இன்னொருவரிடம் சேவகம் செய்ய முடியாது என்று லாரி முதலில் மறுத்தார். பிற்பாடு ஔரங்கசீப்பிடமே பதவி ஏற்றுக்கொண்டார். தப்பென்று சொல்லமாட்டேன், அவருக்கும் வயிறு இருந்தது. முற்றுகையின்போது ஓர் இரவு ஏணி போட்டு ஏறிவந்த மொகலாயரைக் குரைத்துக் காட்டிக்கொடுத்த ஒரு நாய்க்குச் சுல்தான் தங்கச் சங்கிலி போட்டாராம். விசுவாசத்துக்கு நாயை உதாரணம் காட்டுவது நம் பாட்டிமார் மட்டும் செய்கிற வேலையில்லை போலிருக்கிறது.

தெலுங்கு நாட்டுக் கதை நமக்கெதற்கு, திருக்காட்டுப்பள்ளிக்காரனுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். வந்தது. கோல்கொண்டா விழுந்ததும் அதன் தென்னாட்டுப் பகுதிகள் மொகலாயர் கைக்குப் போயின. 1689-ல் சம்பாஜியைக் கொன்றார்கள். அவர் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பிச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். 1690-ல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் பெரும்படையோடு செஞ்சியைச் சுற்றி உட்கார்ந்தார். கோட்டை விழுந்தது 1698-ல். கோல்கொண்டாவுக்கு எட்டு மாதம், செஞ்சிக்கு எட்டு ஆண்டு.

எட்டு ஆண்டும் சண்டையா நடந்தது? தளபதிக்கு மனம் இருந்திருந்தால் வந்த அன்றைக்கே பிடித்திருக்கலாம், போர் முடிந்தால் சம்பாத்தியம் முடிந்துவிடும் என்று இழுத்தடித்தார் என்ற பொருளில் எழுதியிருக்கிறார் பீம்சேன். அவர் மொகலாயப் படையிலேயே இருந்தவர், காயஸ்தர், தல்பத் ராவ் என்ற புந்தேலா ராஜபுத்திரத் தளபதியிடம் எழுத்து வேலை பார்த்தவர். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். மொகலாயப் படையில் ராஜபுத்திரர் நின்று மராட்டியரோடு போரிடுகிறார். பேரரசரின் கடைசி மகன் காம் பக்ஷ் முற்றுகை போட வந்த இடத்தில் ராஜாராமோடு இரகசியமாகப் பேசியதாகக் கண்டுபிடித்து, சுல்பிகர் கானும் அவர் தகப்பனார் ஆசாத் கானும் அந்த இளவரசரையே கைதுசெய்கிறார்கள். கைதுசெய்த சுல்பிகர் கான்மீதே ராஜாராமோடு கூட்டு என்று சந்தேகம். ஆங்கிலேயர் கதை இதைவிட வேடிக்கை. முற்றுகையில் இருந்த மராட்டியரிடம் 1690-ல் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உங்கள் நிலம் என்பது பேரம். இந்தப் பக்கம் முற்றுகையிட்ட ஆசாத் கானிடம் 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டையைப் பெற்றுக்கொண்டார்கள். சென்னைவாசிகள் அந்தப் பேட்டைகளில் வாடகை கொடுக்கும்போது செஞ்சி முற்றுகையை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படைகளுக்கு யார் சோறு போட்டது?

தஞ்சையில் அப்போது அரசர் ஷாஜி. ஏகோஜியின் மகன், ராஜாராமுக்குச் சிற்றப்பா மகன். செஞ்சிக்கு உதவினார் என்பதால் 1694-ல் சுல்பிகர் கான் தஞ்சைப் பக்கம் திரும்பினார். ஆண்டுக்கு 30 லட்சம் ரூபாய் கப்பம் கட்டுகிறேன், சில கோட்டைகளையும் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஷாஜி எழுதிக் கொடுத்தார். 30 லட்சம் எவ்வளவு பெரிது என்றால், கோல்கொண்டா ராஜ்யம் முழுவதற்கும் மொகலாயர் கண்ட ஆண்டு வருமானமே 2 கோடியே 87 லட்சம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு சின்ன நாடு தரவேண்டும். தஞ்சையில் தங்கச் சுரங்கமா இருந்தது? இருந்தது நெல். திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. கல்லணையிலிருந்து கிழக்கே கடல்வரை இப்படி ஆறு ஆறாகப் பிரிந்து பாயும் தண்ணீரில் அண்டை வெட்டி, நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்துப் போரடித்த நெல்தான் தஞ்சையின் கஜானா. களத்தில் மேல்வாரம் என்று ராஜா பங்கை அளந்து எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சினது குடிவாரம். அதிலும் உழுதவனுக்குப் போய்ச் சேர்ந்தது எத்தனை படி என்பது பண்ணையைப் பொறுத்தது.

1693-ல், கப்பத்துக்கு எழுதிக் கொடுப்பதற்கு ஓர் ஆண்டு முன்னால், இதே ஷாஜி திருவிசநல்லூரைச் சாஹாஜிராஜபுரம் என்று பெயரிட்டு நாற்பதுக்கு மேற்பட்ட பண்டிதர்களுக்கு மானியமாகக் கொடுத்தார். கல்விக்குக் கொடுத்த கொடை என்று அதைப் புகழ்வார்கள். புகழட்டும், அங்கே நல்ல நூல்கள் பிறந்தன என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஊர் வயலில் இறங்கினவர் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த இடத்தில்தான் நம் புகழ்பெற்ற செஞ்சோற்றுக்கடன் வருகிறது. கர்ணனை நினைத்தாலே நமக்குக் கண் கலங்கும். 1964-ல் படம் வந்தபோது கொட்டகையில் அழுதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துரியோதனன் கெட்டவன்தான், ஆனால் சோறு போட்டவன், அவனுக்காக உயிரைக் கொடுப்பதே அறம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். லாரியின் உப்பும் இதே கதைதான், டெல்லியிலும் ஹைதராபாத்திலும் உப்பு, காவிரிக் கரையில் சோறு. நான் கேட்பது ஒன்றே ஒன்று. துரியோதனன் எந்த வயலில் இறங்கி நாற்று நட்டான்? சுல்தான் உப்பளத்தில் வாரினாரா? படைவீரன் வயிற்றில் போன சோறு குடியானவன் வீட்டுச் சோறு. ராஜா அதை அளந்து எடுத்தார், ஒரு பங்கை வீரனுக்குக் கொடுத்தார், கடன் பத்திரத்தில் தம் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு அந்த வீரன் கடனை அடைப்பதாகச் சொல்லி, சோறு விளைந்த வயலிலேயே குதிரையை விடுகிறான். மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் செஞ்சியை மீட்க வந்தபோதும் குதிரைகள் மேய்ந்தது குடிகள் பயிரைத்தான். நண்பன் குதிரை, பகைவன் குதிரை என்று பயிருக்குத் தெரியாது.

செஞ்சோற்றுக்கடனின் இன்னொரு பக்கம் நாகப்பட்டினத்தில் தெரியும். டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றியது 1690-ல், செஞ்சி முற்றுகை தொடங்கிய அதே ஆண்டு. 1694 முதல் 1696 வரை, தென்னாடு போரில் சீரழிந்த அந்தக் காலத்தில், சோழமண்டலத்திலிருந்து தனியார் இலங்கைக்குக் கொண்டுபோன அடிமைகள் 3,859 பேர். துணிப் பொதியை எண்ணுவதுபோல எண்ணியிருக்கிறார்கள். இது முதல் தடவையும் இல்லை. 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படை தஞ்சை நாயக்கர் நாட்டைச் சூறையாடிய பஞ்சத்தில், இந்தக் கரையிலிருந்து எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் பேர் கப்பலேறினார்கள். பஞ்சம் வந்தால் மனிதன் விலை இறங்கும், வியாபாரி அதற்காகக் காத்திருப்பான். ராஜாவுக்கு விசுவாசமாக மேல்வாரம் அளந்தவன் பிள்ளையை விற்றபோது, கடன்பட்ட வீரர்களில் எவன் வந்து நின்றான்? அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. தளபதிகளின் பெயர் மட்டும் எத்தனை இந்தக் கட்டுரையில் வந்துவிட்டது, பாருங்கள்.

நம் பழைய இலக்கணம் முற்றுகையிடுகிறவனுக்கு உழிஞைப் பூவும், கோட்டையைக் காப்பவனுக்கு நொச்சிப் பூவும் கொடுத்தது. பகைவன் நாட்டை எரித்துக் கொள்ளையடிப்பதற்கும் மழபுலவஞ்சி என்று ஒரு துறையே இருக்கிறது. எரிந்த ஊர்க்காரனுக்குப் பூ இல்லை. ஆனாலும் அந்தக் காலத்திலேயே ஒருவர் வேறு மாதிரி பேசினார். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டான், உள்ளே நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோவூர் கிழார் போய் நெடுங்கிள்ளியைக் கேட்டார். பாலில்லாமல் குழந்தைகள் அழுகின்றன, பெண்கள் தலையில் பூ இல்லை, வீடுகளில் தண்ணீர் இல்லை. அறவழி உன் வழியென்றால் கதவைத் திறந்து கொடுத்துவிடு, வீரம் உன் வழியென்றால் திறந்து வெளியே வந்து சண்டை போடு. இரண்டும் செய்யாமல் பூட்டிக்கொண்டு இருப்பது வெட்கக்கேடு என்றார். புறநானூற்றில் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள். கோல்கொண்டாவில் காசு வாங்கினவன் திறந்த கதவை, ஆவூரில் ஒரு புலவர் காசு வாங்காமல் திறக்கச் சொன்னார். அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை.

அப்படியானால் படையெடுத்து வருகிறவனுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டுக் கைகட்டி நிற்பதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்காகத் தாங்களே முடிவெடுத்துப் போராடினால் அது வேறு. கோல்கொண்டாவிலும் செஞ்சியிலும் குடிகளை யார் கேட்டார்கள்? அபுல் ஹசன் பிடிபட்டபோது கலங்காமல் உட்கார்ந்து காலை உணவைச் சாப்பிட்டாராம். அதையும் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எட்டு மாதம் வெளியே ஊர் பட்டினி கிடந்தபோது உள்ளே தவறாமல் சாப்பிட்டு வந்தவர் ஒன்பதாவது மாதமும் சாப்பிட்டார், அவ்வளவுதான். அவரைத் தௌலதாபாத்தில் வைத்துச் சோறு போட்டார்கள். செஞ்சியில் ராஜாராமைத் தப்பிக்கவிட்ட பிறகுதான் கோட்டை விழுந்தது. சுல்பிகர் கானுக்கு நுஸ்ரத் ஜங் என்று பட்டம். மேலே இருந்தவர்களில் முற்றுகையால் பட்டினி கிடந்தவர் யாருமில்லை.

2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, மராட்டியர் கோட்டைகளின் வரிசையில். உடனே அது மராட்டியருடையதா, நாயக்கருடையதா, கோன்களுடையதா என்று சண்டை. நாம் கொண்டாடுகிற தேசிங்கு ராஜனோ ஔரங்கசீப் நியமித்த கோட்டைத் தலைவர் சொரூப் சிங்கின் மகன். கல் சுமந்தவன், நெல் அளந்தவன் சார்பில் உரிமை கொண்டாட யாரும் வரவில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. பண்ணையாளைப் பார்த்து என் சோற்றைத் தின்றுவிட்டு என்னையே எதிர்க்கிறாயா என்று கேட்ட குரல் தஞ்சை மாவட்டத்தில் நேற்றுவரை ஒலித்தது. அந்தச் சோற்றை நட்டதும் அறுத்ததும் அவன்தான். அவனை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சொல்லத் தஞ்சைக்கென்று தனியாக 1952-ல் ஒரு சட்டமே போடவேண்டியிருந்தது. 1968-ல் கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டதற்குக் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். இப்போது குரல் ஒலிபெருக்கியில் வருகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் நம் மூட்டை காத்துக் கிடக்கும். அதே நெல் அரிசியாகி ரேஷன் கடைக்கு வந்ததும் தலைவர் போட்ட சோறாகிவிடும், நன்றியுள்ள மக்கள் வாக்கைத் தரவேண்டும். அரிசி நம் வயலிலிருந்து, பணம் நம் வரியிலிருந்து. இதில் தலைவருக்கு நாம் பட்ட கடன் எது?

அடுத்த தேர்தலுக்கு உங்கள் தெருவில் வண்டி வரும். உங்களுக்குச் சோறு போட்டவர் என்று யார் பெயரையாவது சொல்வார்கள். நிறுத்திக் கேளுங்கள், அந்த நெல் எந்த வாய்க்கால் பாசனத்தில் விளைந்தது, யார் நட்டது என்று. நன்றிகெட்டவன் என்று திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.